விந்தணுப் பிரிப்பு கைகொடுக்காதபோது: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

காளை உறைவிந்தை வைத்து ஆய்வகத்தில் கருவூட்டல் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிப்பு என்றால், கருவூட்டலுக்கு முன் நன்றாக அசையும் விந்தணுவைச் செத்தவை, குப்பையிலிருந்து தனியாக்குவது. மற்ற விலங்குகள் வேறுபடும் இடங்கள் கடைசியில் வரும்.

பிரிப்பு சொதப்பினால் முதலில் வாயில் வருவது "விந்து சரியில்லை" என்பதுதான். காளை பேசாது, அதனால் பழியைத் தூக்கி அதன் மேல் போடுவது சுலபம். நான் பார்த்த வரையில் பல நாள் குற்றவாளி வெந்நீர்த் தொட்டியாகவோ, குளிர்ந்த ஸ்லைடாகவோ, தப்பாகக் கலந்த உப்புக் கரைசலாகவோ இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பழக்கம் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு எடுத்து வையுங்கள்: உருக்கியதும் ஒன்று, பிரித்தபின் மேலே மிஞ்சியதில் ஒன்று, அடியில் சேர்ந்த பெல்லட்டில் ஒன்று, கழுவி முடித்தபின் ஒன்று. நான்கையும் 37 டிகிரி ஸ்லைடில் போட்டுப் பாருங்கள். எந்த இரண்டு சொட்டுகளுக்கு நடுவில் அசைவு விழுகிறதோ, பிழை அங்கேதான் இருக்கிறது. நான்காவது சொட்டை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்து யோசிப்பவர்கள் நாள் முழுக்க யோசிக்க வேண்டியதுதான்.

உருக்கிய உடனே அசைவு குறைவு

முதலில் ஸ்லைடைத் தொட்டுப் பாருங்கள். குளிரூட்டிய அறையில் மேசை மேல் கிடந்த ஸ்லைடில் சொட்டு விழுந்தால், நன்றாக இருக்கும் விந்தணுவும் சோம்பிப்போய்த்தான் தெரியும். ஸ்லைடு, மூடுகண்ணாடி இரண்டையும் சூடான தட்டில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அசைவு திரும்பினால் பிரச்சினை பார்வையில்தான், விந்தில் இல்லை.

திரும்பவில்லை என்றால் தொட்டிக்குப் போங்கள். விந்து உறைந்திருக்கும் 0.25 மி.லி. பிளாஸ்டிக் குச்சிக்கு (ஸ்ட்ரா) 37 டிகிரியில் குறைந்தது 30 வினாடி வேண்டும். திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். தனியாக ஒரு வெப்பமானியை, குச்சியை முக்கும் அதே இடத்தில் முக்கிப் பாருங்கள். அடுத்தது, குச்சியின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர். துடைக்காமல் வெட்டினால் ஒரு துளி நீர் விந்தோடு சேரும். உப்பில்லாத அந்த நீர் பட்ட விந்தணு உப்பி, வால் சுருண்டு நிற்கும். கத்தரிக்கோலையும் துடையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அசைவு இல்லையென்றால், அதே தொகுதியில் இன்னொரு குச்சியை, குச்சிகளை அடுக்கி வைக்கும் வேறு கோப்பையிலிருந்து எடுத்து உருக்குங்கள். அது நன்றாக இருந்தால் முதல் குச்சி இருந்த கோப்பை எப்போதோ சூடு பார்த்திருக்கிறது. இவற்றைச் சேமிக்கும் திரவ நைட்ரஜன் கலனின் கழுத்தில் மேலே போகப் போக வெப்பம் சரசரவென்று ஏறும். மைனஸ் 130 டிகிரியைத் தாண்டினாலே சின்னச் சின்னப் பனிப்படிகங்கள் சேர்ந்து பெரிதாகத் தொடங்கிவிடும். வேண்டிய குச்சியைத் தேடிக்கொண்டு கேனிஸ்டரை (கோப்பைகள் இருக்கும் வாளி) கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, பெயர் படித்து, பேச்சும் கொடுத்தால் மற்ற குச்சிகளுக்கு அதுவே போதும். அந்தச் சேதம் அன்று தெரியாது. மூன்று மாதம் கழித்து, வேறு யாரோ உருக்கும்போது தெரியும்.

உருக்கியபோது நன்றாக இருந்தது, ஸ்விம்-அப்பில் மேலே எதுவும் வரவில்லை

"எதுவும்" என்பதற்கு முதலில் கணக்குப் போடுங்கள். ஸ்விம்-அப்பில், அதாவது விந்தை ஒரு திரவத்தின் அடியில் விட்டு நீந்தி மேலே வருவதை மட்டும் எடுக்கும் முறையில், அசையும் விந்தணுவில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே வழக்கமான விளைச்சல். குச்சியில் 2 கோடி, அதில் பாதி அசைகிறது என்றால், கைக்கு வருவது சுமார் 10 லட்சம். இதைத் தோல்வி என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பாலினம் பிரித்த (ஆண், பெண் கன்றுக்கான விந்தணுவைத் தனியாக்கிய) குச்சியில் மொத்தமே 20 முதல் 40 லட்சம் வரைதான் இருக்கும். அதை ஸ்விம்-அப்பில் போட்டால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதற்குச் சின்ன அளவு கிரேடியன்ட்தான் (அடர்த்தி வேறான சிலிகாத் திரவ அடுக்குகளின் மேல் விந்தை ஊற்றிச் சுழற்றும் முறை) சரி.

கணக்கு போட்டும் குறைவாகவே இருந்தால், ஊற்றிய விதத்தைப் பாருங்கள். கிளிசரால் கலந்த உறைவிந்து மீடியாவைவிட, அதாவது விந்தணு நீந்தி வரும் திரவத்தைவிடக் கனம். எனவே மீடியாவை முதலில் ஊற்றி, விந்தை அதன் அடியில் பைப்பெட் நுனியால் மெதுவாக விட வேண்டும். விடும்போது ஒரு குமிழி கிளம்பினாலும் இரண்டு அடுக்கும் கலங்கிவிடும். பைப்பெட்டின் கடைசி நிறுத்தம் வரை அழுத்தாதீர்கள், நுனியில் கொஞ்சம் மிஞ்சட்டும். குழாயை 45 டிகிரி சாய்த்து வைத்தால் இரண்டு அடுக்கும் தொடும் பரப்பு கூடும், விளைச்சலும் கூடும்.

நிறமும் பாருங்கள். ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி இருக்கும் மீடியா ஆரஞ்சுக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் வைக்க வேண்டிய பைகார்பனேட் மீடியாவை மூடி திறந்து மேசையில் வைத்தால் ஊதாப்பக்கம் போகும், காரம் ஏறிவிட்டது. சாதாரணக் காற்றில் வைக்க வேண்டிய ஹெப்பஸ் மீடியாவை மூடி திறந்து கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்தால் மஞ்சளாகும், அமிலம் ஏறிவிட்டது. இரண்டு புட்டியும் ஒரே மாதிரி தெரிவதால் மாற்றி எடுப்பது தினமும் நடக்கிற கூத்து. மூடியில் நிற ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள்.

நேரமும் முக்கியம். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் போதும். கூட வைத்தால் இன்னும் வரும் என்று இரண்டு மணி நேரம் விட்டால், மேலே வந்தவை களைத்துக் கீழே இறங்கத் தொடங்கும்.

கிரேடியன்ட் அடியில் பெல்லட்டே இல்லை

முதல் வேலை, குழாயைக் கவிழ்க்காமல் இருப்பது. எண்ணிக்கை குறைவான விந்தில் பெல்லட் கண்ணுக்குத் தெரியாது. மேலே உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் 100 மைக்ரோலிட்டரை விட்டு, அதை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். தெரியாமல் வடிகாலில் ஊற்றிவிட்டு வருந்திய அனுபவம் எனக்கே உண்டு. அன்று கையில் இருந்தது அந்தக் காளையின் கடைசிக் குச்சி.

உண்மையிலேயே அங்கே ஒன்றும் இல்லையென்றால், வேகத்தைப் பாருங்கள். இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு ஆய்வகத்தின் செய்முறையில் "2000 ஆர்.பி.எம்." (நிமிடத்துக்கு 2000 சுற்று) என்று இருக்கும். இன்னொரு ஆய்வகம் அதை அப்படியே தன் சென்ட்ரிஃபியூஜில் போடும். விந்தணுவை இழுப்பது சுற்று எண்ணிக்கை மட்டும் இல்லை, சுழலியின் ஆரமும் சேர்ந்துதான். கணக்கு இது (ஜி என்பது புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு இழுவை என்பது): ஜி = 1.118 × 10⁻⁵ × ஆரம் (செ.மீ.) × ஆர்.பி.எம்.². ஆரம் 17 செ.மீ. இருந்தால் 2000 சுற்றில் சுமார் 760 ஜி. ஆரம் 10 செ.மீ. இருந்தால் அதே 2000 சுற்றில் சுமார் 447 ஜி. முதல் கருவியில் அருமையாக வந்த பெல்லட் இரண்டாவதில் நடு அடுக்கிலேயே தங்கிவிடும். 45, 90 சதவீதம் என இரண்டு சிலிகா அடுக்குள்ள கிரேடியன்ட்டுக்கு 700 ஜி அளவில் ஓட்டுவது வழக்கம். 15 செ.மீ. ஆரத்துக்கு அது கிட்டத்தட்ட 2040 சுற்று. ஆரத்தை மையத்திலிருந்து குழாயின் அடி வரை ஸ்கேலால் அளந்து, எண்ணைக் கருவியின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். செய்முறைத் தாளில் ஆர்.பி.எம். என்ற சொல்லை அடித்துவிட்டு ஜி என்று எழுதுங்கள்.

சுழலியும் தொங்கும் வாளி வகையாக இருக்க வேண்டும். சாய்ந்த துளை வகையில் விந்தணு பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அடிக்கு வராது. பிரேக்கை அணைத்துவிடுங்கள். திடீரென்று நின்றால் அடுக்குகள் கலங்கும்.

சிலிகாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், எடுத்த குளிரோடு ஊற்றுவதும் ஒரு காரணம். குளிர்ந்த திரவம் கெட்டியாக இருக்கும், மேலிருந்து இறங்கும் விந்தணுவுக்கும் அதிர்ச்சி. அறை வெப்பத்துக்கு வந்தபின் அடுக்குங்கள்.

பெல்லட் இருக்கிறது, ஆனால் வால்கள் சுருண்டு கிடக்கின்றன

இந்த அறிகுறி கிட்டத்தட்டப் பெயர் சொல்லிக் கூப்பிடும்: உப்பு குறைந்துவிட்டது. விந்தணுவின் சவ்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே 150 மில்லியாஸ்மோல் (கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் செறிவளவு) அளவு நீர்த்த கரைசலில் விட்டு வால் சுருளுவதைப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நீங்கள் அந்தச் சோதனையைத் தெரியாமல் செய்துவிட்டீர்கள். சுருண்ட வால் என்றால் சவ்வு உயிரோடுதான் இருந்தது, கரைசல்தான் அதைக் கெடுத்தது.

எப்படி நடக்கிறது? சிலிகாத் துகள் கரைசல் சில வகைகளில் வெறும் நீர்க்கரைசலாக வரும். அதில் உப்பு மிகக் குறைவு, 25 மில்லியாஸ்மோலுக்கும் கீழே. அதனால் ஒன்பது பங்கு சிலிகாவுக்கு ஒரு பங்கு பத்து மடங்கு செறிந்த உப்புக் கரைசல் சேர்த்தால்தான் 280 முதல் 300 வரையிலான அளவு வரும். பத்து மடங்குக்குப் பதில் சாதாரண மீடியாவை ஒரு பங்கு சேர்த்தால் என்ன ஆகும்? சிலிகா 20, மீடியா 290 என்றால், 0.9 × 20, அதனுடன் 0.1 × 290. மொத்தம் 47. கிட்டத்தட்டக் குடிநீர். இப்படிக் கலந்த 90 சதவீத அடுக்குக்குள் இறங்கும் விந்தணு உப்பாமல் என்ன செய்யும்?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிலேன் பூசிய தயார் நிலைச் சிலிகாவில் உப்பு ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். அதில் பழக்கத்தில் பத்து மடங்கு கரைசலைக் கலந்தால் 550ஐத் தாண்டும். அப்போது வால் சுருளாது, விறைத்து நேராக நிற்கும், அசைவு இருக்காது. ஆக சுருண்டால் குறைவு, விறைத்தால் அதிகம். ஆஸ்மோமீட்டர் (இந்தச் செறிவை அளக்கும் கருவி) இருந்தால் ஒவ்வொரு புதுத் தொகுதியையும் அளந்து புட்டியில் எழுதுங்கள். இல்லையென்றால் நன்கு தெரிந்த பழைய தொகுதியில் அதே விந்தைப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.

நடு அடுக்கில் தடித்த வெள்ளைப் பட்டை

அந்தப் பட்டை, உறைய வைக்கும்போது விந்தில் சேர்த்த கோழிமுட்டை மஞ்சள் கரு, இறந்த செல், குப்பை. அங்கே இருக்க வேண்டியவைதான். ஆனால் அது தடித்துப் பாய் மாதிரி மிதந்தால் நல்ல விந்தணுவையும் பிடித்துவைத்துக்கொள்ளும். விந்தின் அளவைக் குறைத்து இரண்டு குழாயாகப் பிரியுங்கள். அதிகம் ஏற்றி வேகத்தைக் கூட்டித் துளைத்துப் போகச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், பட்டையே மொத்தமாக அடிக்குப் போய்விடும்.

விந்தணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன

எங்கே ஒட்டுகின்றன என்று பாருங்கள். தலை கண்ணாடியில் ஒட்டி, வால் மட்டும் துடிக்கிறதா? மீடியாவில் புரதம் இல்லை. ஆல்புமின் சேர்க்க மறந்திருப்பீர்கள். தலையும் தலையும் பூங்கொத்து மாதிரி சேர்ந்து, அந்தக் கொத்து முழுக்கச் சுழல்கிறதா? ஹெப்பாரினும் (விந்தணுவைக் கருவூட்டத் தயாராக்கும் பொருள்) கால்சியமும் உள்ள மீடியாவில் நேரம் அதிகமாகிவிட்டது, அல்லது பெல்லட்டை அழுத்திச் சேர்த்து இடித்துக் கலைத்திருக்கிறீர்கள். குப்பையைச் சுற்றி எல்லாம் ஒட்டியிருந்தால் மேல் அடுக்கை உறிஞ்சும்போது நுனி சுவரை உரசிப் பழைய பட்டையை இழுத்துவந்திருக்கிறது. உறிஞ்சுவதை மேலிருந்து கீழாக, திரவப் பரப்பைத் தொட்டபடியே செய்யுங்கள். பெல்லட்டைப் புதிய பைப்பெட்டால் புதிய குழாய்க்கு மாற்றுங்கள்.

பிரித்தவுடன் அருமை, ஒரு மணி நேரத்தில் சாவு

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது, தேடுவது சுவாரசியமாக இருக்கும். மூன்று குழாய் எடுங்கள். முதலில் பிரித்த விந்தணு, வழக்கமான மீடியா. இரண்டாவதில் அதே விந்தணு, வேறு தொகுதி மீடியா. மூன்றாவதில் அதே விந்தணு, அதே மீடியா, ஆனால் வேறு நிறுவனத்தின் குழாயும் நுனியும். மணிக்கொரு முறை அசைவைப் பாருங்கள். இரண்டாவது பிழைத்தால் மீடியா, மூன்றாவது பிழைத்தால் பிளாஸ்டிக். சில ரப்பர் பிஸ்டன் சிரிஞ்சுகள், லேட்டெக்ஸ் கையுறைத் தூள், சோப்பு மிச்சமுள்ள கண்ணாடி, மேசை துடைத்து உலராத ஸ்பிரிட் ஆவி எல்லாமே விந்தணுவுக்கு நஞ்சு. மினரல் எண்ணெயும் வெளிச்சத்தில் கிடந்தால் பெராக்சைடு சேர்க்கும்.

மூன்றும் செத்தால்? கழுவுதல் போதாமல் சிலிகா மிச்சம் இருக்கலாம். அல்லது இறந்த விந்தணுக்கள் கூடவே வந்திருக்கின்றன. காளை விந்தணு இறந்தால் அதிலிருக்கும் அமினோ அமில ஆக்சிடேஸ் என்ற நொதி, முட்டை மஞ்சள் கருவில் உள்ள சில அமினோ அமிலங்களைத் தின்று ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். அதாவது செத்தவை உயிருள்ளவற்றையும் கூட்டிக்கொண்டு போகின்றன. பிரிக்காத விந்தை நேராகச் சுழற்றிப் பெல்லட்டாக அழுத்தும் பழக்கம் இதனால்தான் ஆபத்து. உயிருள்ளதும் செத்ததும் வெள்ளணுவும் நெருக்கி அடுக்கப்பட்டு ஒன்றையொன்று ஆக்சிஜனேற்றத்தால் கெடுக்கும். கழுவும் சுழற்சியை 300 ஜி, 5 நிமிடத்தில் நிறுத்துங்கள்.

எல்லாம் நன்றாகத் தெரிகிறது, கரு மட்டும் உண்டாகவில்லை

உடனே விந்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். 18 முதல் 20 மணி நேரத்தில் சில முட்டைகளை எடுத்து, சுற்றுச் செல்களை நீக்கி, நிலைப்படுத்திச் சாயமேற்றிப் பாருங்கள். முட்டைக்குள் விந்தணுத் தலையே இல்லையா? நுழையவில்லை, ஹெப்பாரின் பக்கம் போங்கள். பல தலைகளா? எண்ணிக்கை அதிகம், மி.லி.க்கு 10 லட்சம் போட்டிருந்தால் 5 லட்சமாக்குங்கள். தலை இருக்கிறது ஆனால் முன்கருவாக, அதாவது முட்டையின் உட்கருவோடு சேரத் தயாரான உட்கருவாக, விரியவில்லையா? முட்டை முதிரவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். அப்புறம் விந்தணு போடாத ஒரு துளியையும் பக்கத்தில் வைத்திருங்கள். அதிலும் பிளவு (முட்டை இரண்டு, நான்கு செல்லாகப் பிரிவது) தெரிந்தால், மற்ற துளிகளில் தெரியும் பிளவில் ஒரு பங்கு கருவூட்டலே இல்லாமல் வந்தது.

ஹெப்பாரினுக்கு 10 மைக்ரோகிராம்/மி.லி. என்று செய்முறைகளில் இருக்கும். காளைக்குக் காளை அது மாறும். புதுக் காளைக்கு 2, 5, 10, 20 என்று ஒரு வரிசை போட்டுவிடுங்கள். மீடியாவில் குளுக்கோஸ் இருந்தால் ஹெப்பாரினின் வேலையை அது தடுக்கும். கருவூட்டல் மீடியாவில் குளுக்கோஸ் விடப்படுவதில்லை. யாரோ நல்லெண்ணத்தில் "சத்துக்காக" சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பாலினம் பிரித்த விந்து வேறு கணக்கு. X தாங்கிய காளை விந்தணுவில் டி.என்.ஏ. சுமார் 4 சதவீதம் அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்தை ஹோக்ஸ்ட் 33342 சாயமும் லேசரும் பிடிக்கின்றன. அந்தப் பயணத்தில் சாயம், அழுத்தம், நீர்த்தல் எல்லாம் பட்டுவந்த விந்தணு ஏற்கெனவே பாதி விழித்திருக்கும். ஹெப்பாரின் அளவைத் தனியாக வரிசை போட்டுப் பாருங்கள், காத்திருக்கும் நேரமும் குறையட்டும்.

பிளவு வருகிறது, பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே குழியுள்ள, வளர்ந்த கருப்பந்து) வரவில்லை

மாட்டுக்கருவில் அதன் சொந்த மரபணு 8 முதல் 16 செல் கட்டத்தில்தான் பெரிய அளவில் வேலைக்கு வரும். அதுவரை தாயின் சரக்கில் வண்டி ஓடும். விந்தணுவின் டி.என்.ஏ. உடைந்திருந்தால் கரு அந்தக் கட்டத்தில்தான் நிற்கும். இந்தக் குறை ஸ்விம்-அப்பில் தெரியாது, நன்றாக நீந்தும் விந்தணுவிலும் இருக்கலாம். அக்ரிடின் ஆரஞ்சு சாயத்தில் பச்சை என்றால் முழுமை, சிவப்பு என்றால் உடைவு. அன்னெக்ஸின் காந்தத் துகள் முறையை (சாகத் தொடங்கிய விந்தணுவில் ஒட்டும் அன்னெக்ஸின் புரதத்தைக் காந்தத் துகளில் கட்டி, அவற்றைப் பிடித்து நீக்குவது) முயன்று "வித்தியாசமே இல்லை" என்பவர்கள் முதலில் தாங்கல் கரைசலில் கால்சியம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கால்சியம் இல்லாமல் அன்னெக்ஸின் எதையும் பிடிக்காது, எல்லாமே வழிந்து வெளியே வந்துவிடும். மஞ்சள் கரு மிச்சம் இருந்தால், விந்து ஓடும் காந்தக் குழல் அடைத்துக்கொள்ளும். முதலில் கிரேடியன்ட், அப்புறம் காந்தம்.

மற்ற விலங்குகளில்

வெள்ளாட்டு விந்தில் மஞ்சள் கரு கலந்ததும் திரிந்தால் அது கிடாவின் சுரப்பி நீரில் உள்ள நொதி. நீர்க்கும் முன்பே விந்து நீர்மத்தைக் கழுவி நீக்குங்கள். பன்றி விந்தை 17 டிகிரியில் வைக்க வேண்டும். 15க்குக் கீழே போனால் குளிர் தாக்கிச் சவ்வு கெடும். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அசைவு இல்லை என்று பிரிப்பு முறையைத் திட்டுவதில் பயனில்லை. பன்றி முட்டைக்குள் பல விந்தணு நுழைவது அந்த இனத்தின் பழைய தலைவலி. எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நுழைவு விகிதம் விழத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

குதிரைக்கு இரண்டு அடுக்கு தேவையில்லை. சுவீடன் வேளாண் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஒற்றை அடுக்கு முறையில் 300 ஜி, 20 நிமிடம் ஓட்டினால் போதும். ஒட்டகம், லாமா விந்து பிசின் மாதிரி இழுத்தால், ஊசி வழியே அழுத்தி உறிஞ்சாதீர்கள், விந்தணு வால் அறுந்துபோகும். அகல வாய் பைப்பெட்டில் மெதுவாக ஏற்றி இறக்கிச் சற்று நேரம் விட்டபின், இழை அறுந்து சொட்டாக விழுகிறதா என்று பாருங்கள். சொட்டாக விழும் வரை கிரேடியன்ட்டின் மேல் ஊற்ற வேண்டாம்.